நாமினி கட்டம்

"நாமினி" என்று போட்டிருந்த கட்டத்தில் பேனாவை வைத்ததும், பிரேக் மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

இருபது வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்த பிரேக்கில் காலை வைத்தே காலம் தள்ளியவர். சாப்பிடும்போதும் அழுத்துவார், தூக்கத்திலும் அழுத்துவார். வயது நாற்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களிலும் அழுத்தித் தொலைத்திருப்பார் போலிருக்கிறது.

அப்பேர்ப்பட்டவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பயிற்சியில் சேர்ந்ததற்கு ஒரே காரணம்தான். வகுப்பு மாடியில், கீழே ஜெராக்ஸ் கடை, கடையில் அவள். நாலு வருஷம் எதிர்ச்சாரியில் நின்று பார்த்த முகத்தை மூன்று மாதமாகக் கிட்டத்தில் பார்க்கிறார். மனசில் இருப்பதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்றோடு வகுப்பு முடிகிறது. நாளையிலிருந்து இந்தப் பக்கம் வர ஒரு சாக்கும் கிடையாது.

கடைசி நாள் வேலையாக ஆளுக்கு இரண்டு ஃபார்ம். ஒன்று தன் பெயரில், மற்றொன்று முதல் கஸ்டமர் பெயரில். ஐந்து மணிக்குள் சீல் விழுந்தால்தான் பரீட்சை எழுத முடியும். அடித்தல் திருத்தல் கூடாது. கெட்டுப்போனால் கீழே போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டியது.

"ரிஸ்க் வந்தா நாலு வழி," என்று டீச்சர் கடைசியாக ஒருமுறை ஒப்பித்தார். "தவிர்க்கலாம், குறைக்கலாம், தாங்கிக்கலாம், இல்லன்னா அடுத்தவங்க தலையில கட்டலாம். அதுதான் இன்ஷூரன்ஸ். ஆனா, யாரு போனா உங்களுக்கு நஷ்டமோ அவங்க பேர்லதான் பாலிசி எடுக்க முடியும்."

மாஸ்டர் கையைத் தூக்கினார். "மேடம், அவங்க போகல. இன்னும் வரவே இல்ல. ஆனா நஷ்டமா இருக்கு. அதுக்கு?"

"வராதவங்களுக்கெல்லாம் பாலிசி கிடையாது. உக்காருங்க."

நாமினியாக அக்காவைப் போடலாம் என்று முடிவு செய்து போன் போட்டார்.

"அக்கா, உன் பிறந்த தேதி சொல்லு. நாமினியா போடணும்."

"ஐயையோ! டாக்டர் என்னடா சொன்னாரு?"

"டாக்டரே இல்லக்கா."

"டாக்டரே கைவிட்டுட்டாரா!"

அக்கா வைத்த ஒப்பாரியில் பேனா கட்டத்தைத் தாண்டி ஓடியது. ஃபார்ம் போச்சு. கீழே போனார்.

"ஒரு காப்பியா மாஸ்டர்? புது கஸ்டமரா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமாம்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

இந்த முறை வம்பே வேண்டாமென்று நாமினி கட்டத்தில் "யாருமில்லை" என்று எழுதிக் கொடுத்தார். சீல் குத்தும் அண்ணன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். ஃபார்மில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு முக்கியமில்லை. கட்டம் காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

"பேரு யாருமில்லைன்னே வெச்சுக்குவோம். அவர் உங்களுக்கு என்ன உறவு?"

மறுபடியும் கீழே. "இன்னும் ஒண்ணா! கஸ்டமர் மழையாப் பொழியுது போல," என்றாள் அவள். மாஸ்டர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

மூன்றாவது ஃபார்மில் கை தன்னிச்சையாக அவள் பெயரை எழுதிவிட்டது. எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது! அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உறவுமுறைக் கட்டம். என்ன எழுதுவது? "கீழ்க்கடை" என்றா? டீச்சர் வரும் சத்தம் கேட்டு, அவசரமாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

மறுபடியும் காப்பிக்குப் போனபோது அவள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள்.

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பாலிசி போடறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உங்களுக்கா?"

"ஏன், எனக்கெல்லாம் உசிரு இல்லையா? ரெண்டு காப்பி எடுக்கறேன். ஒண்ணு எனக்கு."

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்து எழுதினார். உயரம், எடை, பழைய ஆபரேஷன். அடுத்த கேள்விக்கு வந்தார்.

"கல்யாணம்... ஆயிடுச்சுங்களா?"

"இல்ல. ஃபார்ம் கேக்குதா, நீங்க கேக்கறீங்களா?"

கால் தரையை ஒரே மிதியாக மிதித்தது. "ஃபார்ம்தாங்க."

"அப்படியா?" என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

அந்த நிமிஷமே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. பாவி மனுஷா, வாசல்வரை வந்த லட்சுமியைத் தவறான முகவரி என்று திருப்பி அனுப்பிவிட்டாயே!

"நாமினி?" என்றார் உள்ளே போன குரலில்.

"அதை நானே எழுதிக்கறேன்."

ஃபார்மைப் பிடுங்கி, முதுகைக் காட்டித் திரும்பி நின்று எழுதினாள். நாலாக மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்தாள். "நீங்க பார்க்கக்கூடாது. நேரா மேல குடுத்துடுங்க."

படியேறும்போது அந்த ஒற்றைக் காகிதம் மூட்டை கனம் கனத்தது. யார் அந்தப் புண்ணியவான்? அத்தை மகனா, மாமா மகனா? யாராயிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்குப் பொறாமைப்பட என்ன உரிமை இருக்கிறது? தன் ஃபார்மில், அழுதால் அழட்டும் என்று அக்கா பெயரையே எழுதினார். இரண்டையும் கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்.

மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். கீழே ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. இனி அவள் முகத்தை எதிர்ச்சாரியிலிருந்து பார்க்க வேண்டியதுதான். கண் கலங்கிவிட்டது. ஷட்டர் பாதியில் நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சீல் அண்ணன் ஒரு காகிதத்தோடு வந்தார். "ஒண்ணு திரும்பிருச்சு சார்."

"என்னுதா?"

"உங்களுது சீல் விழுந்துருச்சு. இது கீழ்க்கடை அம்மாவுது. நாமினின்னு உங்க பேரைப் போட்டுட்டு, உறவுமுறைங்கற கட்டத்துல 'ஏஜென்ட்டைக் கேட்டு நிரப்பவும்'னு எழுதியிருக்காங்க. சட்டுனு சொல்லுங்க சார், பாதி ஷட்டரைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறாங்க!"