கறைவாங்கிச் சுவாமியும் வாசல் பூசணிக்காயும்

சிகரட்டை விடத் தேவையில்லை. இந்த நற்செய்தி கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், புடைவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் ஞாயிறு தோறும் இலவசமாக வழங்கப்பட்டு வந்தது. இலவசம் என்றால் உண்டியலைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும், அவ்வளவுதான். வழங்கியவர் ஸ்ரீலஸ்ரீ கறைவாங்கிச் சுவாமிகள்.

மற்றச் சாமிமார் அதை விடு, இதை விடு என்று மனிதனைக் கரைச்சல் படுத்துவார்கள். இவர் அந்த ரகம் இல்லை. "தாராளமாகப் புகை பிடி, பக்தா! கறையை என்னிடம் விட்டுவிடு" என்றார். இப்படி ஒரு சாமி கிடைத்தால் சனம் விடுமா? வரிசை பிரதான வீதியான காலி வீதி வரைக்கும் நீண்டது. சைவர் வந்தார், கிறிஸ்தவர் வந்தார், முஸ்லிம் வந்தார், தெஹிவளையிலிருந்து சிங்கள அய்யேமாரும் வந்தார்கள். எந்த மகாநாட்டாலும் கூட்ட முடியாத ஒற்றுமையை ஒரு சிகரட் கூட்டியது.

வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேரின் விரலிடுக்கில் புகைந்துகொண்டிருந்தது. எப்படியும் மேலே போனால் சாமி எடுத்துவிடுவார், அதற்குள் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போவோம் என்ற சிக்கனம்! ஒழுங்கை முனைப் பெட்டிக்கடைக்காரர் சுவாமிகளின் படத்தைச் சிகரட் பெட்டிகளுக்கு மேலே மாட்டி, நாள் தவறாமல் பூ வைத்தார். கொழும்பிலேயே கலப்படமில்லாத பக்தி அவருடையதுதான்.

அந்த வரிசையில் நொண்டி நொண்டி நகர்ந்தவர் ஹியூபேட். கொட்டாஞ்சேனை ஆள். துறைமுகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கும் கொம்பனி ஒன்றில் கிளார்க். அவரிடம் போய் நீங்கள் சிகரட் குடிக்கிறவரா என்று கேட்டால் கோபம் வந்துவிடும். அவர் இந்த ஜென்மத்தில் ஒரு பக்கெட் வாங்கியதில்லை. கடையில் ஒவ்வொன்றாகத்தான் வாங்குவார். பக்கெட் வாங்குகிறவன்தான் அடிமை, ஒவ்வொன்றாக வாங்குகிறவன் சும்மா வழிப்போக்கன் என்பது அவருடைய சித்தாந்தம். கந்தோருக்கும் வீட்டுக்கும் இடையில் எத்தனை கடைகள் இருந்தனவோ, அத்தனையிலும் அவர் வழிப்போக்கராக இருந்தார்.

விட முயற்சிக்காதவரும் இல்லை. தவக்காலம் வந்தால் விடுவார். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலைத் தாண்டியதும் அவருடைய சிகரட்டும் உயிர்த்துவிடும். கராம்பு சப்பிப் பார்த்தார். கடை இல்லாத பாதையால் நடந்து பார்த்தார். கொட்டாஞ்சேனையில் அப்படி ஒரு பாதை இல்லை என்பதைக் கண்டுபிடித்ததுதான் மிச்சம்.

இப்படி இருக்கையில் இடது கால் பெருவிரல் நீலம் பாய்ந்தது. இரத்தக்குழாய் அடைபடுகிறது என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னார். அந்தப் பெண் சுற்றி வளைத்துப் பேசுகிறவரும் இல்லை. சிகரட்டை இன்றோடு நிறுத்தினால் கால் தப்பும், நிறுத்தாவிட்டால் முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் போகும், எது வேண்டும் என்று நேராகவே கேட்டார். ஹியூபேட்டுக்குக் காலும் வேண்டியிருந்தது, சிகரட்டும் வேண்டியிருந்தது. இரண்டையும் தரக்கூடியவர் வெள்ளவத்தையில் இருந்தார்.

மனைவி மேனகாவும் கூட வந்தாள். பக்தியால் அல்ல, படியேற அவருக்கு ஒரு தோள் தேவைப்பட்டது. அவள் மொண்டிசோரி டீச்சர். "நான் தள்ளேல்லை டீச்சர், அவன் தானா விழுந்தவன்" என்று தினமும் கேட்டுப் பழகியவள். ஆகையால் அவளிடம் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

மேல்மாடியில் சாம்பிராணிப் புகை. நடுவில் சுவாமிகள். இமயமலையில் நாற்பது வருடம் தவமிருந்தவர் என்று வாசல் பனர் சொன்னது. ஆளைப் பார்த்தால் நாற்பதைத் தாண்டியிருக்காது. பிறந்த கையோடு மலையேறியிருக்க வேண்டும்.

"பக்தா! உன் மார்பைத் திற!"

ஹியூபேட் ஷேர்ட்டைத் திறந்தார். சுவாமிகள் இளமஞ்சள் துணி ஒன்றை அவர் நெஞ்சில் விரித்தார். ஏதோ முணுமுணுத்தார். பித்தளைச் செம்பிலிருந்து தீர்த்தம் தெளித்தார். அவ்வளவுதான்! துணியில் கறுப்புப் புள்ளி ஒன்று விழுந்தது. பரவியது. கண் மூடித் திறப்பதற்குள் துணி முழுக்கக் கரிக்கட்டை. சனம் "ஆ" என்று வாயைப் பிளந்தது. ஹியூபேட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடப் பாவம் கண் முன்னால் வெளியே கிடக்கிறது! கீழே இறங்கியதும் முதன்முறையாக இரண்டு சிகரட் சேர்த்து வாங்கினார்.

"இஞ்சேருங்கோ, டொக்டர் என்ன சொன்னவ?" என்றாள் மேனகா.

"அவ துணியைப் பாக்கேல்லைத்தானே! பாத்திருந்தா அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டா."

அடுத்த ஞாயிறு மேனகா தானே போய்ச் சுவாமிகள் முன்னால் அமர்ந்தாள். "எனக்கும் போடுங்கோ சாமி. நான் ஒரு நாளும் சிகரட்டைத் தொட்டதில்லை. துணி கறுக்கக்கூடாது, என்ன?"

சீடர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுவாமிகள் அசையவில்லை. சேலைத் தலைப்பின் மேலே துணியைப் போட்டார். தீர்த்தம் தெளித்தார். துணி கறுத்தது!

மேனகா வெற்றியோடு வாயைத் திறப்பதற்குள் சுவாமிகள் கண்ணீர் விட்டார். "அம்மா, இது உன் கறை அல்ல. உன் கணவன் வீட்டில் விட்ட புகையெல்லாம் உன் நெஞ்சில் அல்லவா குடியிருக்கிறது!"

சனம் உச்சுக் கொட்டியது. "பெண்சாதியைக் கொல்லப் பாத்திருக்கிறான் மனிசன்!" என்றாள் ஓர் அம்மா. ஹியூபேட் தலையைத் தொங்கப் போட்டார். சுவாமிகள் ஒரு கருணையும் செய்தார். இனிமேல் கணவன் மனைவி இருவரும் ஞாயிறு தோறும் வரலாம். உண்டியல் மட்டும் ஆளுக்கு வேறாகப் போடவேண்டும். மேனகாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. புத்தியுள்ள கேள்வி ஒன்று கேட்டதற்கு இன்னொரு வாடிக்கையாளராக அல்லவா ஆக்கிவிட்டான்!

அதற்கிடையில் விரல் கறுக்கத் தொடங்கியது. அன்று பின்னேரம் வெந்நீரில் காலைக் கழுவிவிட்டபோது அவள் அந்த விரலைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பயத்தில் அழுகை முட்டியது.

"நெஞ்சுக் கறையெல்லாம் துணியில வந்திட்டுதெண்டால் இந்த விரல் ஏன் கறுக்குது? நாளையிண்டைக்குக் கிளினிக். வாங்கோ போவம்."

"சாமியிட்டக் கேட்டனான். நெஞ்சுக் கறை கீழ இறங்குதாம். விரலால வெளியேறப் போகுதாம். நல்ல அறிகுறியாம். இப்ப மருந்தெடுத்தா இறங்கிற கறை திரும்ப மேல ஏறுமாம்."

"அழுகிற விரல் நல்ல அறிகுறியோ?"

"உனக்கு நம்பிக்கை இல்லை மேனகா. அதான் உனக்குப் பிரச்சினை."

கிளினிக் நாள் வந்தது, போனது. ஹியூபேட் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு, கறை இறங்கட்டும் என்று புகைவிட்டார். தன் மனிசன் ஒரு காலை இழக்கப் போகிறான், அதுவும் சந்தோஷமாக இழக்கப் போகிறான் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. 

ஞாயிறு வந்தது. மேல்மாடிப் படி முடிகிற இடத்தில் கண்ணூறு படாமல் இருக்கச் சுவாமிகள் பெரிய நீற்றுப் பூசணிக்காய் ஒன்றை வைத்திருந்தார். சாம்பல் பூத்து, குங்குமப் பொட்டும் வைத்துக்கொண்டு, அங்கே கூடியிருந்தவர்களிலேயே அதுதான் அமைதியாக இருந்தது. மேனகா ஹியூபேட்டைச் சுவரில் சாத்திவிட்டு, குனிந்து, பூசணிக்காயை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு நேரே உள்ளே நடந்தாள். சுவாமிகள் முன்னால் பாயில் அதைக் கிடத்தினாள்.

"சாமி, இவருக்கும் ஒருக்கால் கறை எடுங்கோ."

சனம் சிரித்தது. சுவாமிகளும் சிரித்தார், ஆனால் அரைவாசியோடு நிறுத்திக்கொண்டார். "அம்மா, இது விளையாட்டு இடமல்ல."

"நானும் விளையாட வரேல்லை. என்ர மனிசன்ர கால் போகப்போகுது."

அவர் யோசிப்பதற்குள் துணி ஒன்றை எடுத்துப் பூசணிக்காயில் விரித்தாள். செம்பைத் தூக்கிக் கவிழ்த்தாள். இளமஞ்சள் துணி கறுத்தது. ஹியூபேட்டின் நெஞ்சில் கறுத்ததைவிட நன்றாகவே கறுத்தது!

"எத்தினை வருசமாக் குடிக்கிறார் சாமி?"

சுவாமிகளா சளைப்பவர்? கையைத் தூக்கினார். "வாசலில் இருக்கும் பொருள் அல்லவா? உங்கள் எல்லோருடைய புகையையும் பாவம், இந்தப் பூசணி தாங்கியிருக்கிறது!"

"அதுதானே!" என்றது சனம். இரண்டு பேர் பூசணிக்காயைக் கும்பிட்டும் விட்டார்கள்.

வரிசையில் நிலாம் என்று ஒருவர் நின்றார். வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறிக்கடை வைத்திருப்பவர். தினம் தினம் பூசணி வெட்டுகிற கைக்கு வெட்டிப் பார்க்கத்தானே தோன்றும்? "அப்பிடியெண்டா உள்ளுக்குக் கறுப்பா இருக்கணுமே! வெட்டிப் பாப்பமே" என்றார். பிரசாதம் நறுக்குகிற கத்தி பக்கத்தில் கிடந்தது. வெட்டினார். உள்ளே தும்பைப்பூ வெள்ளை.

"பார்த்தீர்களா!" என்று சுவாமிகள் பரவசமானார். "ஒரு சொட்டுக் கறை மிச்சமில்லை! அத்தனையும் எடுத்தாகிவிட்டது!"

சனம் கை தட்டியது. நம்புங்கள், உண்மையாகவே கை தட்டியது! கெட்டிக்காரன் ஒருவனும் நம்பத் தயாராக ஒரு கூட்டமும் சேர்ந்தால் பூசணிக்காய் கறுத்தாலும் அற்புதம், வெளுத்தாலும் அற்புதம்.

மேனகா கைதட்டல் ஓயும் வரை காத்திருந்தாள். பிறகு தன் பையைத் திறந்தாள். உள்ளே பஸ்ஸில் குடிக்கக் கொண்டு வந்த தண்ணீர்ப் போத்தல். "இஞ்சேருங்கோ, வாங்கோ இப்பிடி" என்று ஹியூபேட்டைக் கூப்பிட்டாள். அவளுடைய குரலில் என்ன இருந்ததோ, அவர் மறுபேச்சில்லாமல் வந்து உட்கார்ந்தார். புதுத் துணி ஒன்றை அவர் நெஞ்சில் போட்டு, போத்தல் தண்ணீரை ஊற்றினாள்.

துணி நனைந்தது. நனைந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கறுக்கவில்லை.

"காலமை கூட மூண்டு குடிச்ச நெஞ்சு இது. சும்மா தண்ணிக்குக் கறுக்கேல்லை. பூசணிக்காய் குடிச்சதே இல்லை. செம்புத் தண்ணிக்குக் கறுத்தது. அப்ப கறை நெஞ்சில இருக்கோ, செம்பில இருக்கோ?"

இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

"சாதாரண நீருக்குச் சக்தி கிடையாது" என்றார் சுவாமிகள். குரலில் இமயமலை கொஞ்சம் சரிந்திருந்தது.

"சரி, சக்தியுள்ள தண்ணியையே எடுப்பம். நீங்கள் புகை படாத உடம்பெண்டு பனரில போட்டிருக்கு. உங்கட நெஞ்சில துணியைப் போட்டு ஒருக்கால் ஊத்துவமோ?"

"ஊத்துங்க, ஊத்துங்க!" என்றார் நிலாம். அதுவரை வாயைப் பிளந்திருந்த சனம் இப்போது சுவாமிகளைச் சுற்றி வளைத்தது. பார்க்க வந்தது அற்புதம்தானே, அது யார் நெஞ்சில் நடந்தால் என்ன?

சுவாமிகள் துள்ளி எழும்பிச் சீடன் ஒருவனைப் பார்த்துக் கத்தினார். நாற்பது வருடத் தவம் ஒரே நொடியில் கலைந்தது. "டேய் மல்லி, பாத்துக்கொண்டு நிக்கிறியா? பின் கதவைத் திற! த்ரீவீலை ஸ்டார்ட் பண்ணுடா!"

இமயமலையில் கொழும்பு மட்டக்குளித் தமிழ் பேசுவார்கள் என்று சனத்துக்கு அன்றுதான் தெரிந்தது. ஓடுகிற அவசரத்தில் செம்பு தட்டுப்பட்டு, தோளில் கிடந்த இளமஞ்சள் துணிகளில் தீர்த்தம் கொட்டியது. புகையே படாத சுவாமிகள் கன்னங்கரேலென்று பின்படியால் இறங்கினார். பின்னறையில் இரண்டு வாளிகள் இருந்தன. ஒன்றில் துருப்பிடித்த ஆணிகள் வினாகிரியில் ஊறிக்கொண்டிருந்தன. மற்றதில் கடுக்காய்த் தண்ணீரில் துணிகள் ஊறிக்கொண்டிருந்தன. நிலாம் ஒன்றில் கொஞ்சம் எடுத்து மற்றதில் விட்டுக் காட்டினார். கறுத்தது. இமயமலைத் தவத்தின் முழுப் பலனும் அந்த இரண்டு வாளிகள்தான்.

ஹியூபேட் நெஞ்சில் ஈரத்துணியோடு அப்படியே இருந்தார். "அப்ப முப்பது வருசக் கறையும் உள்ளதான் இருக்கு, என்ன மேனகா?"

"ஓம். எழும்புங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

விரல் போய்விட்டது. கிளினிக்கைத் தவறவிட்டதற்கு அந்த விலை. கால் தப்பியது, ஏனென்றால் அன்றிலிருந்து அவர் சிகரட்டைத் தொடவில்லை. அது அற்புதமாக ஒன்றும் நடக்கவில்லை. கை நடுங்கியது. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். மேனகாவோடு சண்டை, கந்தோரில் சண்டை, ஒரு நாள் சும்மா நின்ற தபால் பெட்டியோடும் சண்டை. கடைக்காரர் பழக்க தோஷத்தில் ஒன்றை நீட்டுவார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போவார். மந்திரம் இல்லை, துணி இல்லை. பல்லைக் கடிப்பது மட்டும்தான் முறை. அதை எந்தச் சாமியும் விற்க முடியாது.

சில மாதம் கழித்து, பழைய வரிசைக்காரர் ஒருவர் அவரைக் காலி வீதியில் கண்டார். கண்டவரின் விரலிடுக்கில் சிகரட். ஹியூபேட்டின் காலைப் பார்த்தார், நடையைப் பார்த்தார், அதிசயித்தார்.

"ஹியூபேட், உண்மையைச் சொல்லும். நீர் தப்பினது அந்தப் பூசணிக்காயாலதான் எண்டு சனம் கதைக்குது. அதின்ர விதை கிதை ஏதும் கிடைக்குமோ?"

ஹியூபேட் அவரைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். பார்வை கழுத்துக்கு மேலே போய் நின்றது.

"விதை எதுக்கு? ஒரு முழுப் பூசணிக்காயைத் தோளுக்கு மேல வைச்சுக்கொண்டுதானே திரியிறீர்! அது தலையெண்டால் ஒருக்கால் யோசிச்சுக் காட்டும், பாப்பம்."