ஒட்டுப்பால் அண்ணனுக்கு என்ன தொந்தரவு?

“…அது கிடக்கட்டு மக்கா, எனக்கு என்ன தொந்தரவு? சட்டுனு சொல்லு, அந்தப் பிள்ளை லைன்ல நிக்கி” என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார் ஒட்டுப்பால் அண்ணன்.

குலசேகரத்தில் ஏணியை, சைக்கிளை, ஏன் பெட்ரோலைக்கூட இரவல் கொடுத்தவர்கள் உண்டு. தன் பெயரையே இரவல் கொடுத்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். ரப்பர் மரத்துச் சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த பாலை வாங்கி விற்பது தொழில். அந்த நாற்றம் அவருக்கு முன்னால் நடந்து வரும். எவ்வளவு கூட்டமான பஸ்ஸிலும் அவருக்கு முழு சீட்டு.

எனக்கு உறக்கம் போய் மாசக்கணக்காகியிருந்தது. குளிக்கும்போது காரணமில்லாமல் அழுகை வரும். கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. மனநல டாக்டரிடம் போனேன் என்று ஒரு வாய் சொன்னால் போதும், பெண் வீட்டார் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். நாகர்கோவில் கிளினிக்குக்கு போன் போடுவேன். “பேஷன்ட் பேரு?” என்றதும் கட் பண்ணிவிடுவேன்.

கடைசியில் அண்ணனிடம் நம்பரை நீட்டினேன். “ஒரு கூட்டுக்காரனுக்கு ஒறக்கமே இல்ல…” என்று இல்லாத நண்பன் தலையில் போட்டேன்.

“கூட்டுக்காரனுக்கு ஒறக்கம் இல்லேன்னா உனக்கு எதுக்குலே கண்ணு வீங்கியிருக்கு?” என்றவர், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நம்பரைப் போட்டு, பேஷன்ட் தான்தான் என்று பெயரும் வயதும் சொன்னார். கிளினிக் பிள்ளை தொந்தரவு என்ன என்று கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டார்.

நான் சொல்லச் சொல்ல அவர் ஒப்பித்தார். “ஒறக்கமில்ல பிள்ளே… குளிக்கும்பம் அழுவேன்…” கடைக்கு ஒட்டுப்பால் எடை போட வந்தவர் தராசை மறந்து அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். வியாழக்கிழமை சாயங்காலம் டோக்கன் கிடைத்தது.

பஸ்ஸில் பக்கத்துத் தெரு அக்கா, “எங்க ரெண்டுபேரும்?” என்றாள்.

“மனசு டாக்டரப் பாக்க. எனக்குத்தான். இவன் சும்மா தொணைக்கி” என்று டிரைவருக்கும் கேட்கும்படி சொன்னார் அண்ணன். அக்கா இரக்கப்பட்டு அவருக்கு ஒரு பழம் கொடுத்தாள். எனக்கு இல்லை.

கிளினிக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் உள்ளே போனோம். “டாக்டரே, இதுவரைக்கும் ரோகி நான். இனி இவன். பேரை மாத்தி எழுதிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அங்கே காத்திருந்தவர்களுக்கு அவர் விளக்கம் கொடுத்தது கதவைத் தாண்டிக் கேட்டது: “டாக்டருக்கு என்னப் பத்தி அவன்கிட்ட தனியா விசாரிக்கணுமாம்.”

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாப்பாடு முடிகிற நேரத்துக்கு போன் வரும். “ஏலே, நான் மாத்திரை தின்னேனா?”

“தின்னாச்சு அண்ணா.”

“செரி.” வைத்துவிடுவார்.

கொஞ்சம் தெளிந்ததும், எனக்குப் பேசியிருந்த பெண்ணிடம் நானே சொன்னேன். “இப்ப ஒறக்கம் வருதா?” என்று மட்டும் கேட்டாள். அந்தத் தைரியத்தில், அடுத்த முறை அண்ணன் கடையிலேயே நின்று நானே போன் போட்டு, என் பெயரையே சொன்னேன். அன்று சாயங்காலத்துக்கே டோக்கன் இருந்தது.

அண்ணன் முகம் லேசாக வாடியது. “அப்ப எனக்கு சொகமாயாச்சாலே?”

“ஆச்சு அண்ணா.”

அவர் கடை ஷட்டரை இறக்கினார். வேறு சட்டை மாற்றிக்கொண்டு, எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.