ஷரிபுதீன் வீட்டுக் கோடுகள்

இந்தக் காலத்துச் சனத்துக்குக் கண்ணால் காண்பது பொய், கண்ணாடித் திரைக்குள் தெரிவதுதான் மெய் என்று புறுபுறுத்தபடி, கோழிக்கூட்டை மறித்து நின்றார் ஷரிபுதீன்.

பறவைக் காய்ச்சல் வந்தால் எந்த வழியால் பரவும் என்று வலைப்படம் வரைய நற்பிட்டிமுனைக்கு வந்திருந்தாள் மிருக வைத்திய அலுவலகத்து நஸ்லின். அவள் கைத்திரையில் வீட்டுக்கு ஒரு புள்ளி. புள்ளிகளுக்கிடையே கோடுகள்.

"ஒங்கட வீட்டுல இரிந்து மூணு கோடு போகுது வாப்பா. அஞ்சுக்கு மேல போனாச் சேவல ஒரு மாசம் அடைக்கோணும்."

ஷரிபுதீனின் செஞ்சேவல் பகலில் கூடு கண்டதில்லை. வீதியின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை அதன் ராச்சியம்.

"நான் ஒருத்தருக்கும் கோழி குடுக்கல்ல. எந்தப் பொய்யன் சொன்ன?"

"கோழி இல்ல வாப்பா, நான் சொல்ல வாறது..."

"நீ பேசாம இரி புள்ள!"

கோடுகளை அழிப்பிக்க, முதல் கோடு போன முனாப் வீட்டுக்கு நடந்தார். நஸ்லினும் திரையோடு பின்னால் போனாள்.

"என்ட கோழி ஒன்ட வளவுக்கு வந்ததாடா?"

"இல்லயே மாமா. வந்த காலோட இந்த விடைக்கோழிய அறுத்துத் தந்துட்டுப் போங்களன்."

இடுப்பு வாரிலிருந்த கத்தியை எடுத்து, பிஸ்மி சொல்லி அறுத்தார். சாரத்தில் துடைத்துச் செருகினார். சுபைறா வீட்டிலும் "இல்ல". அங்கே அறுபட்டது ஒரு சேவல். ஸலாஹுதீன் வீட்டிலும் "இல்ல", அங்கே இரண்டு. சாட்சி போதாதென்று இன்னும் ஆறு வீடு ஏறினார். அறுக்கிற கை வாசலுக்கு வந்தால் ஊரில் எவர்தான் விடுவார்?

வெற்றியோடு திரும்பினார். திரையில் ஒன்பது கோடு.

"பொய்ப் படம்!" ஷரிபுதீன் துள்ளினார். "இந்தா நிக்கிறான் கந்தப்போடி. அவன்ட வளவுல முப்பது கோழி. நாங்க ஒண்டாத்தான் தேத்தண்ணி குடிக்கிற. அங்க மட்டும் ஏன் ஒரு கோடும் இல்ல?"

சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்த கந்தப்போடி சிரித்தார்.

"என்ட கோழிய நானே அறுக்கிறன் காக்கா. ஒங்கட கத்தி என்ட வளவுக்கு எப்ப வந்த?"

ஷரிபுதீனின் கை தானாக வாருக்குப் போனது.

"வீட்டுக்கு வீடு கத்தியையும் கையையும் சவுக்காரம் போட்டுக் கழுவினாச் சரி," என்றாள் நஸ்லின். "சேவல அடைக்கத் தேவல்ல."

"கத்திக்கும் காய்ச்சலா? போ புள்ள!"

திரும்பிப் பாராமல் நடந்தார். அடுத்த வாசலில் பேட்டுக்கோழியோடு காத்து நின்றாள் சல்மா உம்மா.

"முதல்ல சவுக்காரத்தத் தாங்க," என்றார் ஷரிபுதீன். "அந்தப் படத்த நம்பி இல்ல. என்ட சேவல் வீதியில நடக்கோணும்."