செயலாளரின் முகத்தைத் தின்ற தண்ணீர்

வாடிக்கையாளரின் முகத்தை அழித்துப் பேர் வாங்கிய போட்டோகிராபர் மதுரை ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் நெகட்டிவ் அண்ணன்.

கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஸ்டுடியோ. ஊரே செல்போனில் படம் எடுக்கிற காலத்திலும் பிலிம் ரோல்களை ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர் விறைத்து உட்கார்ந்திருக்க, என்னிடம் பேசிக்கொண்டிருப்பார்: "கண்ணுக்குத் தெரியிறத எடுக்கத்தான் எல்லார்ட்டயும் போன் இருக்கே மாப்ள. தெரியாதத எடுக்க ஒரு ஆளு வேணாமா?"

ஒருமுறை மேலூரில் ஒரு டீக்கடை மாடியில், விளக்கெண்ணெய் தடவிய கண்ணாடியை ஒரு வாரம் வைத்துவிட்டு வந்தார். அதில் ஒட்டிய கல்குவாரித் தூசியைப் பெரிதாகப் பிரிண்டு போட்டுக் கடைக்காரரிடமே கொடுத்தார். கருப்புக்குள் ஆயிரம் வெள்ளைப் புள்ளிகள்.

"அம்சமா இருக்குண்ணே. வானத்து நட்சத்திரமா?"

"நீ டீ ஆத்துற எடத்துக் காத்துய்யா."

கடைக்காரர் அதைப் பிரேம் போட்டு மாட்டிவிட்டார். ஆனால் அன்றைக்கே பால் சட்டிக்கு மூடி வாங்கினார்.

அடுத்து எங்கள் தெருத் தண்ணீர் பக்கம் திரும்பினார். பொதுப் போர்வெல் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். குளித்தால் உடம்பு அரிக்கும். என் மகளுக்குக் கையெல்லாம் தடிப்பு. "வெயில்" என்று தெருச் சங்கச் செயலாளர் முடித்துவிட்டார்.

அண்ணன் அந்தச் செயலாளரையே இரண்டு படம் எடுத்தார். ஒரு பிலிம் துண்டைக் கேன் தண்ணீரிலும், இன்னொன்றைப் போர்வெல் தண்ணீரிலும் பத்து நாள் ஊறப்போட்டார். பிறகு இரண்டையும் பிரிண்டு போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டினார். முதல் படத்தில் செயலாளர் கொஞ்சம் உப்பியிருந்தார், அவ்வளவுதான். இரண்டாவதில் வேட்டி இருந்தது, சட்டை இருந்தது. கழுத்துக்கு மேலே ஊதா நிறத்தில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

செயலாளர் வந்து நின்றார். "யோவ், என் மூஞ்சி எங்கய்யா?"

"நம்ம தண்ணி தின்னுருச்சு சார்."

"ஒனக்கு நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலையே சார். அதுனாலதான் ஊறப்போட்டேன்."

அண்ணனைப் பொய்யராக்கியே தீருவது என்று செயலாளர் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அறிக்கை வந்தது. குடிக்க மட்டுமல்ல, குளிக்கவும் ஆகாதாம். பின்தெருவில் முலாம் பூசும் பட்டறை ஒன்று, கழிவைப் பாழுங்கிணற்றில் விட்டுக்கொண்டிருந்தது. அதிகாரிகள் பட்டறையை மூடினார்கள். கையோடு எங்கள் போர்வெல்லையும் மூடினார்கள்.

தண்ணீர் லாரி வர ஆரம்பித்தது. குடத்தோடு வரிசையில் நின்ற தெரு முழுக்க ஒரே பேச்சு: "அந்தாளு சும்மா கெடந்திருந்தா நம்ம தண்ணி நல்லாத்தான் இருந்திருக்கும்." இரண்டு குடம் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்ட நானும் தலையாட்டினேன். ஸ்டுடியோப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த என் மனைவி, அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தடிப்பு ஒன்றுகூட இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூவரும் சட்டை மாற்றிக்கொண்டு எதிரே போனோம்.

"என்ன மாப்ள, பாஸ்போர்ட்டா?" என்றார் அண்ணன், எழுந்திருக்காமலே.

"இல்லண்ணே. சும்மா, ஒரு குடும்பப் படம்."

அவர் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு ரோலை எடுத்தார். அதை ஊறப்போட்டுவிட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அவர் இஷ்டம் என்று விட்டுவிட்டு விறைத்து உட்கார்ந்தேன்.