முந்நூறு மூளைகள்

"பெட்டியில முந்நூறுன்னு அடிச்சா வாங்கவே மாட்டேங்குதாம்" என்று மேலாளர் வந்து நின்றபோது, புரோகிராமர் பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

வெள்ளிக்கிழமை. அக்கா வீட்டில் சாப்பாடு. ஞாயிறு சாயங்காலம் அக்கா தன் மகனோடு இருக்க வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறாள். அம்மா போனபின் இவரை வளர்த்தவள். இனி எப்போது வருவாள் என்பது அவளுக்கே தெரியாது.

ஒரு நிஜக் கம்ப்யூட்டருக்குள் பல போலிக் கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருளை விற்கும் கம்பெனி அது. போலிக்கு எத்தனை பிராசஸர் வேண்டும், அதாவது எத்தனை மூளை, என்று கேட்கத் திரையில் ஒரு பெட்டி உண்டு. உச்சவரம்பு இருநூற்று ஐம்பத்தைந்து.

"முந்நூறு எதுக்கு சார்?"

"கஸ்டமரை எதுக்குன்னு கேக்கற வழக்கம் நம்மகிட்ட உண்டா? புது கஸ்டமர் வேற, திங்கக்கிழமைக்குள்ள ஓடலன்னா வேற இடம் பாத்துக்கறாங்களாம்."

ஓர் எண்ணை மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பையைக் கழற்றாமலே மாற்றினார். போலிக் கம்ப்யூட்டர் எழுந்தது. பழைய வரம்பைத் தாண்டிய பிராசஸர்கள் மட்டும் எழவில்லை. அவற்றை எழுப்பும் முறைக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது. பை கீழே இறங்கியது.

"அக்கா, நீ சாப்பிட்டுடு. நாளைக்கு வரேன்."

"நாளைக்கா? சரிடா."

சனிக்கிழமை, எழுப்பும் முறையை மாற்றினார். முந்நூறும் எழுந்தன. எழுந்தவை தங்களுக்கு ஒதுக்கிய இடம் போதாமல் பக்கத்து இடத்தில் போய் உட்கார, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இடத்தைப் பெரிதாக்கினார். ஓடியது, ஆனால் ஆமை வேகம்; முந்நூறும் ஒரே வாசலில் முண்டியடித்தன. போதாக்குறைக்கு, அவசரத்தில் இந்த மாற்றத்தை மேலாளர் எல்லோருக்கும் அனுப்பிவிட்டதால், பழைய கஸ்டமர்களின் கம்ப்யூட்டர்களும் மந்தமாயின.

"நேத்து ஒருத்தர்தான் திட்டினார். இன்னிக்கு ஊரே திட்டுது" என்றார் மேலாளர், போனைக் கையால் பொத்தியபடி.

அடுத்த போன் அக்காவிடமிருந்து. "அத்தனை மூளையும் சேந்து என்னடா பண்ணும்?"

"புயல் எங்க போகும், ராக்கெட் எங்க விழும், அந்த மாதிரி பெரிய கணக்குக்கா. சாதாரண வேலைக்கு நாலு போதும்."

"உனக்கு இருக்கறது ஒண்ணுதான். கொஞ்சம் தூங்குடா."

"ஏர்போர்ட்டுக்குக் கண்டிப்பா வரேன்க்கா."

ஞாயிறு மதியத்துக்குள் வாசல்களை அதிகமாக்கி, நெரிசலைத் தீர்த்தார். பழைய கஸ்டமர்களும் அடங்கினார்கள். ஆனால் முந்நூறு கேட்ட புது கஸ்டமருக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆள் இன்று சாயங்காலமே நேரில் வந்து போட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். விமான நிலையம் ஊரின் இந்தக் கோடி, அவர்கள் அந்தக் கோடி.

போய் இறங்கினால், குடைக் கம்பெனி. மழையைக் கணிக்கிறார்கள் போலும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கம்ப்யூட்டரைக் கவனிக்கும் பெண் விடுமுறையிலும் வந்து காத்திருந்தாள். பெட்டியில் முந்நூறு என்று அடித்தார். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. திரையில் ஒவ்வொன்றாக முந்நூறும் விழித்தன.

போன் அதிர்ந்தது. 'உள்ள போயிட்டேன்டா. உடம்பப் பாத்துக்கோ.'

கண் நிறைந்துவிட்டது. ஏதோ பெரிய காரியத்துக்காகத்தானே போக முடியாமல் போனது என்று நினைத்துக்கொண்டார். அது என்ன காரியம் என்றாவது தெரிந்தால் தேவலை போலிருந்தது. கம்பெனி வழக்கம் கிடக்கட்டும்.

"இத்தனையும் வெச்சு என்ன கணக்கும்மா போடப் போறீங்க?"

"கணக்கா?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் திருப்தியாகச் சிரித்தாள். "எத்தனை வேணும்னு உங்க பெட்டிதான் கேட்டுச்சு. இங்க மொத்தம் முந்நூறு பேரு, ஆளுக்கு ஒண்ணுன்னு போட்டேன் சார்."