அக்கா, நான் அழவில்லை, அது வசாபி

மயூர் விஹார்,
டெல்லி.

பாசமும் பயமும் சம அளவில் நான் வைத்திருக்கும் அக்கா ஜெயலட்சுமி அவர்களுக்கு, தம்பி இராஜமாணிக்கம் வணங்கி எழுதுவது. வெயில் நீங்கலாக இங்கே எல்லாம் நலம். தூத்துக்குடியில் உன் முழங்கால் வலியும் அத்தானின் சர்க்கரையும் அடக்க ஒடுக்கமாக இருக்கும் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் தபால்காரரை நம்பி இறங்கியிருக்கிறேன். கடிதத்தைக் கட் பண்ண முடியாது பார்.

எதிர்வீட்டு விஜயலக்ஷ்மி அம்மாள் உனக்குப் போன் செய்து, "உங்க தம்பி ஹோட்டல்ல உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழறார், யாரோ ஒரு லேடி கன்னத்தைத் துடைச்சு விடறா" என்று சொன்னாராம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, சேர்த்துப் பார்த்தால் அவ்வளவும் அபாண்டம். நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

அந்த லேடியின் பெயர் அகல்யா. எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடி, மதுரைக்காரர், சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று நான் சொசைட்டி செக்ரட்டரியிடம் ஹிந்தியில் சண்டை போட்டேன். என் ஹிந்தி புரியாத பயத்திலேயே மனுஷன் மோட்டாரை மாற்றிவிட்டான். அதற்கு நன்றியாக அகல்யா மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். கூப்பிட்டவர்களை மறுப்பது நம் குடும்பத்தில் உண்டா, நீயே சொல்.

ஏதோ தமிழ் மெஸ்ஸாக இருக்கும் என்று நினைத்து, மே மாத வெயிலில் கோட்டு வேறு போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறினேன். அவர் கூட்டிப்போனது சப்தர்ஜங் பக்கம் ஒரு மார்க்கெட்டில், தையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் ஜப்பான் சுஷிக் கடைக்கு. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அங்கேதான் சாப்பிடுகிறாராம். மெனு மாறவில்லை, திரைச்சீலை மாறவில்லை, ருசியும் மாறவில்லை என்றார். கல்லாவில் இருந்த அம்மாள் இவரைப் பார்த்ததுமே என்ன வேண்டும் என்று கேட்காமல் உள்ளே குரல் கொடுத்தார். ஷூவைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறிச் சம்மணம் போட வேண்டும். கழற்றினால், என் காலுறையிலிருந்து கட்டைவிரல் எட்டி நின்று கடையைச் சுற்றிப் பார்க்கிறது. அதை மறுகாலால் மூடப் போய், முழங்கால் மேஜையை இடித்து, சோயா சாஸ் கிண்ணம் கோட்டின் மேல் கவிழ்ந்தது. அகல்யா அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். ரொம்பப் பெருந்தன்மை.

முதலில் சூப். வாயில் வைத்ததும் மாசிக் கருவாட்டு வாசம். அட, நம்ம ஆளுங்க என்று தைரியம் வந்தது. அடுத்து வந்ததோ சோற்று உருண்டையின் மேல் பச்சைச் சூரை மீன். அடுப்பில் கேஸ் தீர்ந்துவிட்டதா என்று கல்லா அம்மாளிடம் விசாரித்தேன். தூத்துக்குடியில் பிறந்தவன் பச்சை மீன் தின்றான் என்று ஊரில் தெரிந்தால் மானம் போகுமே என்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டேன். அக்கா, அது வெண்ணெய் மாதிரி கரைந்தது. அடுத்ததைக் குச்சியால் தூக்கினேன், நழுவித் தேநீரில் விழுந்தது. மீன் தண்ணீரைத் தேடிப் போவது இயற்கைதானே. அதன் பிறகு கையாலேயே சாப்பிட்டேன். கையாலும் சாப்பிடலாம் என்று அகல்யா அப்போதுதான் சொல்கிறார்.

தட்டின் ஓரத்தில் பச்சையாக ஒரு சின்ன உருண்டை. இவ்வளவு நல்ல சாப்பாட்டுக்குத் துவையலில் மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று நினைத்து முழுசாக வாயில் போட்டேன். அதன் பேர்தான் வசாபியாம். காரம் நாக்கில் நிற்கவில்லை, மூக்கு வழியாக உச்சிக்கு ஏறி மண்டையைத் திறந்தது. கண்ணீர் குழாய் மாதிரி கொட்டுகிறது, மூச்சு வரவில்லை, தோள் குலுங்குகிறது. அகல்யா பதறிப்போய், கை துடைக்கக் கொடுத்திருந்த சுடுதுண்டை எடுத்து என் முகத்தைத் துடைக்க, சரியாக அந்த நேரத்தில்தான் விஜயலக்ஷ்மி அம்மாள் மகன் கௌஷிக்கோடு வெள்ளரிக்காய் சுஷி சாப்பிட உள்ளே நுழைந்தார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எப்படியும் அழுதுகொண்டுதானே இருக்கிறோம் என்று ஒரு துணிச்சலில் நான் வாய் திறந்துவிட்டேன்.

"வீட்டுக்குப் போனா பேச ஆளில்லங்க. உங்ககூட இருந்தா நல்லா இருக்கு."

அகல்யா துண்டை மடித்து வைத்தார். "இப்ப சொல்றது கணக்குல வராது. காரம் இறங்கட்டும், அப்புறமா சொல்லுங்க."

தேநீர் குடித்தேன். கோட்டைக் கழற்றினேன். காரம் இறங்கியது. அதே வார்த்தைகளை மறுபடியும் சொன்னேன்.

அவர் கடைசியாகச் சாப்பிடுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த முட்டைத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். என் சுபாஷிணி கண்ணை மூடிய பிறகு என் தட்டில் யாரும் எதையும் எடுத்து வைத்ததில்லை, அக்கா. முட்டை லேசான இனிப்பாக இருந்தது.

அவ்வளவுதான் நடந்தது. இதைப் போய்க் கல்யாணம் அது இது என்று யாராவது பேசினால் நம்பாதே. இந்த வயதில் எனக்கு எதற்கு அதெல்லாம். தலை நரைத்தவன் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றால் ஊர் சிரிக்காதா. உன் தம்பி உன் பேச்சை மீறுகிறவன் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. நீ நூறு வயது இருந்து என்னைத் திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி,
இராஜமாணிக்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அகல்யா இதைப் படித்துவிட்டு, "எது நிஜம்னு உங்க அக்காவுக்கு உங்களவிட நல்லாத் தெரியும்" என்கிறார். ஆகவே 'அவ்வளவுதான் நடந்தது' என்ற பத்தியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அடுத்த மாதம் பதிவுத் திருமணம். என் மகள் சிந்துவுக்குச் சந்தோஷம், லீவு கூடப் போட்டுவிட்டாள். சாட்சிக் கையெழுத்து அத்தானுடையது. உங்கள் இருவருக்கும் விமான டிக்கெட் எடுத்தாயிற்று, ஜன்னல் சீட் உனக்கு. திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வா. இரண்டு பேருமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறோம்.