ஒரு முழப் பேனாவும் ஒன்பது கூட்டாளிகளும்

மனிதகுலம் இதுவரை இயற்றிய சட்டங்களிலேயே தலைசிறந்தது, மொராக்கோவின் எஸ்ஸவீரா ஊர் மரவேலைச் சங்கத்தின் 'கூட்டுக் கைவினைப் பேனாப் போட்டி விதிமுறைகள்' என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதைப் படித்த ஒன்பது பேரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இயற்றியவர்களும் அந்த ஒன்பது பேர்தான்.

முதல் விதியைக் கேட்டதும் கூடத்தின் கடைசி வரிசையில் இருந்த மஹ்ஜூபா இரண்டு வரிசை முன்னால் வந்து உட்கார்ந்தாள். பேனாவை இருவராவது கூடிச் செய்ய வேண்டும். பேனாவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குக் கைவினைஞர் அட்டை. அட்டை இருந்தால் கோட்டைச் சுவரோரம் சொந்தமாய் ஒரு கடை. பத்தொன்பது வருடங்களாக அடுத்தவர் பட்டறையில் அரார் என்னும் வாசனை மரத்துக்கு மெருகேற்றி, விரல் ரேகையே தேய்ந்துபோனவள் அவள்.

கடைசல்காரர் பெலைத் எழுந்தார். "என் பேரையும் லல்லா மஹ்ஜூபா பேரையும் எழுதிக்கங்க. நான் கடையுறேன், அவங்க மெருகு போடுறாங்க." அந்த ஊரில் பெண்களை மரியாதையாக 'லல்லா' என்பார்கள்.

தலைவர் ஹாஜ் புஜிமா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். அவர் குவளையை வைத்தால் சட்டம் பிறக்கப்போகிறது என்று பொருள்.

"மெருகு போடுறவங்க பேனாவுல என்னத்தப்பா மாத்துறாங்க?"

"தொட்டா வழுக்கும், ஹாஜியாரே" என்றாள் மஹ்ஜூபா.

"வழுக்குறதெல்லாம் ஒரு வேலையா? மீன் கூடத்தான் வழுக்குது!"

கூடம் சிரித்தது. நான்காம் விதி பிறந்தது: 'மெருகேற்றுதல் பேனாவில் எந்த மாற்றத்தையும் செய்வதில்லை.' பெலைத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து, எல்லோருக்கும் காட்ட ஒரு மாதிரிப் பேனா. பெலைத் கடைவார். "யோசனை என்னோடது" என்றார் ஹாஜ். "கூட்டம் நடக்குற இடம் என்னோடது" என்றார் துணைத்தலைவர். "ஜன்னலத் திறந்துவிட்டது யாரு? வெளிச்சம் இல்லாம யோசனை எங்கேர்ந்து வரும்?" என்றார் பொருளாளர். தேநீரில் புதினா போட்டவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்படியாகப் பெலைத்தோடு சேர்த்து ஒன்பது கூட்டாளிகள்.

ஒரு சாண் பேனாவில் ஒன்பது பெயர் கொள்ளாது. 'பேனாவின் நீளம் ஒரு முழம்' என்றது ஐந்தாம் விதி.

"அத வச்சு எப்படி எழுதுறது?" என்றார் பெலைத்.

"ரெண்டு பேரா பிடிச்சுக்கணும். அதாம்ப்பா கூட்டுறவு!" என்றார் ஹாஜ்.

கடைந்து முடித்த அன்றே ஹாஜ் சூட்டுக்கம்பியைப் பிடுங்கி, தம் பெயரைப் பெரிதாகவும் மற்ற எட்டைச் சிறிதாகவும் சுட்டெழுதிவிட்டார். மெருகுக்குப் பிறகுதான் எழுத வேண்டும் என்பது அந்த ஊரில் பால்குடிக்குக்கூடத் தெரியும். ஆனால் மெருகுதான் எதையும் மாற்றாதே! பேனாவை மஹ்ஜூபாவிடம் அனுப்பினார்கள்.

அவள் முறைப்படி செய்தாள். உப்புத்தாளில் ஏழு தடவை, கரடானதில் தொடங்கி மென்மையானது வரை. ஹாஜின் பெயர் மூன்றாவது தாளில் போனது. பெலைத்தின் பெயர் வந்தபோது மட்டும் கை கொஞ்சம் நின்றது. ஒரு தடவையாவது எழுந்து நின்ற மனிதர். பெருமூச்சு விட்டுவிட்டு அதையும் தேய்த்தாள். பிறகு அரக்குப் பூசினாள்.

வெள்ளிக்கிழமை, கூஸ்கூஸ் சாப்பிட்ட கையோடு சங்கம் கூடியது. ஹாஜ் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி போலிருந்தது. அவருடைய முகம் தெரிந்தது, பெயரைத்தான் காணோம்.

"எங்க பேரெல்லாம் எங்கம்மா?"

"நான் எதையும் மாத்தலயே, ஹாஜியாரே. மெருகுதான் போட்டேன்."

செயலாளர் நான்காம் விதியை உரக்கப் படித்தார். சட்டத்தை மதிக்கும் ஊர்; அவள்மேல் குற்றம் சொல்ல வழியில்லை. ஆனால் பெயரில்லாத பேனாவுக்கு யாருக்கு அட்டை கொடுப்பது? உடனே அங்கேயே ஒரு விசாரணைக் குழு அமைந்தது. புதினா போட்டவர் சாட்சி சொன்னார். ஜன்னலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார்கள். பேனாவை இரு கையாலும் ஏந்திக்கொண்டு மஹ்ஜூபா அவர்கள் முன்னால் போய் நின்றாள். உப்புத்தாள் தூள் இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

ஹாஜ் புஜிமா மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க லல்லா, மறைக்குது. பேனாவச் செஞ்சது யாருன்னு தேடிக்கிட்டிருக்கோம்."